போட்டோ எக்ஸ்போர்ட்: முதலில் பிக்சலைக் குறையுங்கள், குவாலிட்டியை அப்புறம் தொடுங்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு சாமத்தியவீட்டு அல்பத்துக்கு அட்டைப் படம் தேவைப்பட்டது, 12×18 அங்குலம். என்னோடு வேலை பழகும் தம்பி ஒருவர் தெரிவுசெய்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணா, போனில் நல்ல கிளியரா இருக்கு, இதையே பிரிண்டுக்குக் குடுத்திடவா?" என்று கேட்டார். பைலைக் கணினியில் திறந்து பார்த்தால் 1067×1600 பிக்சல். 18 அங்குல நீளத்துக்கு 1600 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 89 தான் வருகிறது. பிள்ளையின் முகம் மெழுகு பூசினதுபோல வந்திருக்கும். கமரா கார்டில் மூலப் படம் அப்படியே இருந்ததால் அன்று தப்பினோம்.

பழக வருகிற கிட்டத்தட்ட எல்லோரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். படம் எடுப்பதும் லைட்ரூமில் நிறம் திருத்துவதும் சில வாரங்களில் பிடிபட்டுவிடும், கடைசியில் எக்ஸ்போர்ட், அதாவது திருத்திய படத்தைப் புதிய பைலாக எழுதும் பெட்டி திறந்ததும் கை நின்றுவிடும். அதில் இருக்கிற ஒவ்வொரு கட்டமும் எதற்கு, எந்த வரிசையில் தொட வேண்டும் என்று கீழே எழுதுகிறேன். லைட்ரூமில் உள்ள பெயர்களைச் சொல்கிறேன். கிம்ப், போட்டோஷொப், இர்ஃபான்வியூ எதிலும் இதே விஷயங்கள் வேறு மெனுவுக்குள் இருக்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூலப் படம் வேண்டும். கமராவின் ரா பைல் (சுருக்காமலும் திருத்தாமலும் கமரா அப்படியே பதிந்தது), அல்லது கமராவோ போனோ முதன்முதலில் எழுதிய பைல். வட்ஸ்அப்பில் வந்தது, பேஸ்புக்கிலிருந்து இறக்கியது, ஸ்கிரீன்ஷொட், இவை எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை குறைக்கப்பட்ட பிரதிகள். குறைந்தது திரும்பி வராது.

மூலப் படங்களுக்கு ஒரு ஃபோல்டர், எக்ஸ்போர்ட் செய்தவற்றுக்கு வேறொரு ஃபோல்டர். பழகுகிறவர்கள் சின்னதாக்கிய படத்தை அதே பெயரில் அதே இடத்தில் சேமித்து மூலத்தையே அழித்துவிடுவதை இரண்டு மூன்று தடவை கண்டுவிட்டேன். எக்ஸ்போர்ட் பைலின் பெயரிலேயே அது எதற்கு என்று எழுதுங்கள், "அட்டை 12×18" என்பதுபோல. மூன்று மாதம் கழித்து யாராவது கேட்கும்போது தேடவேண்டி வராது.

ஐபோனில் எடுத்ததென்றால் ஒன்று கவனியுங்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை எச்இஐசி வடிவில் எழுதுகிறது. சில பிரிண்ட் கடைக் கணினிகளில் அது திறக்காது. கொடுக்குமுன் ஜேபெக் ஆக்கிவிடுங்கள்.

2. பிக்சல் வேறு, எம்பி வேறு

"சைஸைக் குறைச்சுத் தாங்கோ" என்று ஒருவர் கேட்டால், எந்த சைஸ் என்று திருப்பிக் கேளுங்கள். குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000×4000, அதாவது 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள், பிக்சல் என்பது இந்தப் புள்ளிதான். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட். சுருக்காமல் எழுதினால் 72 எம்பி. அதே படம் ஜேபெக்கில் 10 எம்பிக்குள் வந்து நிற்கும், ஆனால் புள்ளி ஒன்றுகூடக் குறைந்திருக்காது. புள்ளிகளை எண்ணிக்கையில் குறைப்பது ரீசைஸ். புள்ளிகளை வைத்துக்கொண்டு அவற்றை எழுதுகிற விவரத்தைக் குறைப்பது கம்ப்ரெஷன்.

இரண்டாலும் பைல் சின்னதாகும், விளைவு மட்டும் ஒன்றல்ல. 6000 பிக்சல் படத்தை 500 கேபிக்குள் அடக்கக் குவாலிட்டியை அடிமட்டத்துக்கு இறக்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதையே 1600 பிக்சலுக்குக் குறைத்து நல்ல குவாலிட்டியில் எழுதினால், பெரும்பாலான படங்கள் அதே 500 கேபிக்குள் சுத்தமாக அடங்கும். அதனால்தான் எப்போதும் முதலில் பிக்சலைக் குறைக்கச் சொல்கிறேன். அந்தப் படம் போய்ச் சேரும் இடத்துக்கு 6000 பிக்சல் தேவையில்லை என்றால், அந்தத் தேவையில்லாத பிக்சல்களைக் காப்பாற்றுவதற்காகத் தேவையான பிக்சல்களைக் கெடுப்பது ஏன்?

3. படம் எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள்

இது தெரியாமல் எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறக்காதீர்கள். பிரிண்டா, திரையா, விண்ணப்பப் படிவமா?

பிரிண்ட் என்றால் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், அங்குலத்தை 300ஆல் பெருக்குங்கள். 4×6க்கு 1200×1800. 5×7க்கு 1500×2100. 8×12க்கு 2400×3600. அந்த அட்டைப் படத்துக்கு, 12×18க்கு, 3600×5400. ஏ4 தாள் முழுவதற்கும் 2480×3508. கையில் பிடித்துப் பார்க்கிற பிரிண்டுக்கு இது தாராளம். பெரிய பிரிண்டுக்கு 200 வந்தாலும் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் பெரியதைச் சற்று விலகி நின்றுதான் பார்ப்போம். மண்டப வாசலில் கட்டும் ஆறடி பனருக்கு 300 கேட்டு நிற்பவர்கள் உண்டு. 6000 பிக்சல் படம் ஆறடிக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு, விரியும்போது அங்குலத்துக்கு 83 வரும், வீதியின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது போதும்.

திரை என்றால் பிக்சல் கணக்கு மட்டும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 அகலம், நிமிர்ந்த படமென்றால் 1080×1350. பேஸ்புக்குக்கு நீளப் பக்கம் 2048.

இங்கே டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண், பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகம் பேரை அழவைப்பது இந்த எண்தான். "இந்தப் படம் 72 டிபிஐ, பிரிண்டுக்குச் சரிவராது" என்று யாராவது சொல்லிவிட்டால் பழகுபவர் பதறிப்போகிறார். அந்த எண் பைலுக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு, அவ்வளவுதான். 6000×4000 படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அதே புள்ளிகள்தான், பிரிண்டும் ஒரேமாதிரித்தான் வரும். எத்தனை அங்குலத்துக்கு விரிக்கிறோம் என்பதே உண்மையான அடர்த்தியைத் தீர்மானிக்கிறது.

ஆபத்து வேறோர் இடத்தில். போட்டோஷொப்பின் இமேஜ் சைஸ் பெட்டியில் "ரீசாம்பிள்" (புள்ளிகளின் எண்ணிக்கையையே மாற்றும் கட்டம்) சரியிட்டபடி இருக்க 300ஐ 72 ஆக்கினால், 6000 பிக்சல் 1440 ஆகிவிடும். எண்ணை மட்டும் மாற்றியதாக நினைத்துக்கொண்டு படத்தையே சுருக்கி வைத்துவிடுவார்கள். அந்த எண்ணை மாற்றத்தான் வேண்டுமென்றால் ரீசாம்பிளை எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

4. வெட்டுவது அளவு மாற்றுவதற்கு முன்

பெரும்பாலான பெரிய கமராக்களின் படம் 3க்கு 2 என்ற வடிவம். போன் பெரும்பாலும் 4க்கு 3. ஆனால் 8×10 பிரிண்ட் 5க்கு 4. ஆகவே 6000×4000 படத்தை 8×10இல் போட 5000×4000 தான் எடுக்கலாம், ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

நீங்கள் வெட்டிக் கொடுக்காவிட்டால் கடையில் இயந்திரம் நடுவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெட்டிவிடும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கிற பெரியப்பா பாதியாகிவிடுவார், நிமிர்ந்த படத்தில் குத்துவிளக்கின் உச்சி போய்விடும். அப்புறம் அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன சைஸ் என்று முதலில் கேட்டு, அந்த வடிவத்துக்கு நீங்களே பார்த்து வெட்டுங்கள். எடுக்கும்போதே ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கப் பழகினால் இன்னும் நல்லது.

5. அளவு மாற்றுதல்

லைட்ரூமில் "ரீசைஸ் டு ஃபிட்" என்பதைத் தெரிந்து "லோங் எட்ஜ்" வையுங்கள். கிடந்த படம், நிமிர்ந்த படம் இரண்டும் கலந்த 300 படங்களை ஒன்றாக எக்ஸ்போர்ட் செய்யும்போது அகலத்தைக் கொடுத்தால் நிமிர்ந்த படங்கள் மட்டும் பெரிதாக வரும். நீளப் பக்கத்தைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் விதிவிலக்கு, அங்கே அகலமே கணக்கு.

"டோன்ட் என்லார்ஜ்" என்பதைச் சரியிடுங்கள். சின்னப் படத்தை மென்பொருள் பெரிதாக்கும்போது பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடையில் ஊகித்து நிரப்புகிறது. பைல் பெரிதாகும், படத்தில் புதிதாக எதுவும் வராது.

6000×4000ஐ 2048க்குக் குறைத்தால் 2048×1365 வரும். மூன்றில் ஒன்றாகக் குறைத்ததுபோலத் தெரியும், ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை எட்டில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது, இரண்டு பக்கமும் சேர்ந்து குறைவதால். குவாலிட்டியைத் தொடாமலே பைல் இவ்வளவு சின்னதாவது இதனால்தான்.

பட்டுச் சேலை நெருக்கத்தில் இருக்கிற படங்களைக் குறைத்தபின் கட்டாயம் திறந்து பாருங்கள். சரிகையின் நுண்ணிய கோடுகள் புதிய புள்ளிகளுக்குள் சரியாக விழாமல், மூலத்தில் இல்லாத அலை அலையான பட்டைகள் தோன்றலாம். வந்தால் வேறு அளவில், 2048க்குப் பதில் 1800 என்று, ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒவ்வொரு அளவையும் மூலத்திலிருந்து நேரே எடுங்கள். 6000இலிருந்து 2048, அதிலிருந்து 1080 என்று படியிறங்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை போகும்.

6. ஷார்ப்னிங்

ஓரங்களைக் கூராக்குகிற இந்த வேலை அளவைக் குறைத்த பிறகுதான். குறைக்கும்போது பல புள்ளிகள் சேர்ந்து ஒன்றாவதால் ஓரங்கள் மழுங்கும், அந்த மழுங்கலை அந்த அளவிலேயே திருத்த வேண்டும். முதலே அளவுக்கு மீறிக் கூராக்கிவிட்டால் கண்ணிமையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், பைலும் வீங்கும். எக்ஸ்போர்ட் பெட்டியில் திரை, மட் (மினுக்கமில்லாத) தாள், கிளொசி (மினுக்கமான) தாள் என்று மூன்று தெரிவு இருக்கிறது. போகிற இடத்தைத் தெரிந்து, அளவை "ஸ்டாண்டர்ட்" என்று விடுங்கள்.

7. நிறவெளி

பைலில் உள்ள எண்கள் எந்தெந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்வதே நிறவெளி. எஸ்ஆர்ஜிபி என்பதைத் தெரியுங்கள். பிரிண்ட் கடை தன் வாயால் வேறொன்று கேட்காதவரை இதுவே.

அடோபி ஆர்ஜிபி, ப்ரோபோட்டோ ஆர்ஜிபி இவற்றில் அதிக நிறங்கள் உண்டு என்று கேள்விப்பட்டு அதைத் தெரிவுசெய்பவர்கள் இருக்கிறார்கள். திருத்தும்போது அது நல்லதுதான். ஆனால் பைலைத் திறக்கிற இடம் நிறக் குறிப்பைப் படிக்காவிட்டால் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். கூறைச் சேலையின் சிவப்பு செங்கல் நிறமாக மங்கிப்போகும், தோல் சாம்பல் பூத்ததுபோல இருக்கும். கல்யாண வீட்டார் கூறையின் நிறத்தை மறக்க மாட்டார்கள்.

8. குவாலிட்டி

இப்போதுதான் அந்த ஸ்லைடருக்கு வருகிறோம். ஜேபெக் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் எந்தப் படத்துக்கு எவ்வளவு வைக்கலாம் என்று உங்களுக்கே விளங்கும்.

அது முதலில் படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகக் காணும், நிற வேறுபாட்டை அவ்வளவாகக் காணாது. ஆகவே பல அமைப்புகளில் நிற விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுகிறது. அடுத்து படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறுவது எவ்வளவு, சட்டென மாறுவது எவ்வளவு என்று கணக்கிட்டு, நுண்ணிய மாற்றங்களின் எண்களை முரட்டுத்தனமாகக் கிட்டிய எண்ணுக்கு மாற்றிவிடுகிறது. குவாலிட்டி எண் தீர்மானிப்பது இந்த முரட்டுத்தனத்தின் அளவைத்தான். அங்கே கழிந்துபோன விவரம் பைலில் இல்லை. எத்தனை எம்பியாகத் திரும்பச் சேமித்தாலும் கிடைக்காது.

எந்த இடம் முதலில் உடையும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. காலி முகத்திடலில் பொழுது சாயும்போது எடுத்த வானம், மெல்ல மெல்ல மாறுகிற நிறம், குறைந்த குவாலிட்டியில் படிக்கட்டுபோலப் பட்டை விழும். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்கிற பனரில் எழுத்தின் ஓரம் கசியும், நிற விவரம் பாதியாக்கப்பட்டதால். நேரான ஓரங்களைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோலப் புள்ளிகள் வரும். முகத்தோலும் தலைமயிரும் கொஞ்சம் பொறுக்கும், வானமும் எழுத்தும் பொறுக்காது. முழுக்க எழுத்தாக இருக்கிற அழைப்பிதழ், லோகோ, ஸ்கிரீன்ஷொட் இவற்றை ஜேபெக்கில் போடாதீர்கள். பிஎன்ஜி என்ற வடிவம் எதையும் கழிக்காமல் எழுதும், அப்படிப்பட்ட படங்களில் பைலும் சின்னதாகவே வரும்.

நான் வைக்கும் எண்கள்: பிரிண்டுக்கு லைட்ரூமில் 90 முதல் 95. திரைக்கு 75 முதல் 85. 100 வைக்காதீர்கள். 100இலிருந்து 90க்கு இறங்கினாலே பைல் பெரும்பாலும் பாதியளவுக்கு வந்துவிடும், பிரிண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 70க்குக் கீழே போகத் தோன்றினால் உங்கள் பிக்சல் இன்னும் அதிகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

இந்த எண் சதவீதம் அல்ல, எல்லா மென்பொருளிலும் ஒன்றும் அல்ல. போட்டோஷொப்பின் சேவ் ஆஸ் பெட்டியில் 0 முதல் 12 வரைதான் இருக்கிறது. கிம்ப்பின் 85ம் லைட்ரூமின் 85ம் ஒரே கணக்கு இல்லை. ஒரு மென்பொருளில் பழகிய எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிப்போகாமல் புதிதாகப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஒரே குவாலிட்டியில் இரண்டு படங்கள் வெவ்வேறு எம்பி வருவதைக் கண்டு பிழை நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆடிவேல் தேர் காலி வீதியில் இரவில் வரும்போது உயர்ந்த ஐஎஸ்ஓவில் (கமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி) எடுத்த படம் முழுக்கப் பொரிப்பொரியாக நொய்ஸ் இருக்கும். மென்பொருளுக்கு நொய்ஸும் நுண்ணிய விவரமும் ஒன்றுதான், இரண்டையும் எழுதப் பார்க்கும், பைல் வீங்கும். ஆகவே நொய்ஸை முதலில் குறைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அப்புறம், ஜேபெக்கைத் திறந்து பார்ப்பதாலோ பென் டிரைவில் பிரதி எடுப்பதாலோ எதுவும் குறையாது. திறந்து, திருத்தி, திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும்தான் இழப்பு. திருத்தம் வேண்டுமென்றால் மூலத்தில் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

9. "இத்தனை கேபிக்குள்" என்று கேட்டால்

வேலை விண்ணப்பம், பரீட்சைப் பதிவு போன்றவற்றில் இது வரும். இங்கேதான் ஆட்கள் குவாலிட்டியை 10க்கு இறக்கி முகத்தைச் சிதைத்து அனுப்புகிறார்கள்.

35×45 மில்லிமீட்டர் படம், 200 கேபிக்குள் என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். 300 கணக்கில் அது 413×531 பிக்சல். முதலில் அந்த வடிவத்துக்கு வெட்டி, அந்தப் பிக்சலுக்குக் குறையுங்கள். அந்த அளவில் படம் சுருக்காமலே 660 கேபிக்குக் குறைவு. ஆகவே 90 குவாலிட்டியில் எழுதினாலே 200க்குள் சாதாரணமாக அடங்கும். படிவமே பிக்சல் அளவையும் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள், என் கணக்கை அல்ல.

லைட்ரூமின் "லிமிட் பைல் சைஸ்" கட்டத்தில் கேபியைக் கொடுத்தால் குவாலிட்டியை அதுவே தேர்ந்துகொள்ளும், ஆனால் பிக்சலைக் குறைக்காது. 6000 பிக்சல் படத்தோடு 200 என்று கொடுத்தால் ஒன்றில் படம் நாசமாகும், அல்லது முடியாது என்று நின்றுவிடும். ரீசைஸும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது உதவும்.

10. அனுப்பும் வழியில் கெடுக்காதீர்கள்

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது திரும்பக் குறைக்கும், எச்டி தெரிவிலும் சுருக்கம் உண்டு. பிரிண்டுக்குப் போகிற பைலை "டொக்கியூமெண்ட்" ஆக இணைத்து அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும். அன்று நம் தம்பி இந்த ஒன்றைச் செய்திருந்தால் அந்தப் பிரச்சினையே வந்திருக்காது. ஜிமெயிலில் எல்லை 25 எம்பி, ஆனால் இணைப்பு மின்னஞ்சலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆகவே 18 எம்பிக்கு மேல் இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள்.

பொதுவில் போடும் படத்தில் ஜிபிஎஸ் இடக் குறிப்பை நீக்குங்கள், எக்ஸ்போர்ட் பெட்டியின் மெட்டாடேட்டா பகுதியில் அதற்கென்று ஒரு சரியிடும் கட்டம் இருக்கிறது. வீட்டில் எடுத்த பிள்ளைகளின் படங்களென்றால் இதை மறக்கவே கூடாது, வீடு எங்கே இருக்கிறது என்று படமே சொல்லிக்கொண்டு போகும்.

11. அனுப்புமுன் திறந்து பாருங்கள்

எக்ஸ்போர்ட் ஆன பைலை, லைட்ரூமில் தெரிகிற படத்தை அல்ல, 100 சதவீதத்தில் திறந்து மூன்று இடம் பாருங்கள்: கண், வானம் அல்லது வெறும் சுவர், சேலைக் கரை. பைலின் விபரத்தில் பிக்சல் எண்ணைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தால் ஐந்தை மட்டும் முதலில் எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிட்டு மீதியை விடுங்கள். சரியாக வந்த அமைப்பை "12×18 பிரிண்ட்", "பேஸ்புக் 2048" என்று ப்ரீசெட்டாகச் சேமியுங்கள், அடுத்த தடவை எண்களை ஞாபகம் வைத்திருக்க வேண்டாம்.

அந்த அட்டைப் படத்தை மூலத்தின் 4000×6000இலிருந்து 3600×5400ஆக, எஸ்ஆர்ஜிபியில், குவாலிட்டி 93இல் திரும்ப எடுத்தோம், எடுத்தது தம்பிதான். பிரிண்டில் பிள்ளையின் நெற்றிச்சுட்டியின் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அல்பம் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேரும்வரை கார்டை ஃபோர்மட் செய்யாமல் வைத்திருந்தோம், நீங்களும் அப்படியே வைத்திருங்கள்.